டாட்சு: குப்புறப் படுத்துப் பறக்கும் ரோலர் கோஸ்டரில் எடை எங்கே போகுது?

லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே, சிக்ஸ் ஃப்ளாக்ஸ் மேஜிக் மவுண்டன் பூங்காவில் 2006 மே மாதம் டாட்சு ஓட ஆரம்பிச்சது. ஜப்பானிய மொழியில் டாட்சுன்னா டிராகன். உயரம் 52 மீட்டர், நீளம் 1098 மீட்டர், வேகம் மணிக்கு 100 கி.மீ. பறக்கும் வகை கோஸ்டர்களில் இந்த மூன்றுமே அன்றைக்கு உலக சாதனை. செய்தது சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபியார்ட்.

ஏறும்போது சாதாரணமாக உட்காரலாம். மார்பை மூடும் கவசத்தைப் பூட்டினதும், இருக்கையைப் பின்பக்கமாகத் தூக்கிடுவாங்க. இப்போ தண்டவாளம் முதுகுக்கு மேலே, முகம் தரையைப் பார்த்து. ஒரு ரயிலில் 32 பேர் இப்படித் தொங்கிக்கிட்டே போவாங்க.

சிக்கல் இங்கேதான். சாதாரண கோஸ்டர் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது நம்ம எடை கூடும். அதை இருக்கை தாங்கும். குப்புறப் படுத்தவருக்கு அந்த எடை முழுக்க மார்பிலும் வயிற்றிலும் கவசத்தின் மேல அழுத்தும். தலையைத் தாங்க ஒண்ணுமே கிடையாது. அப்போ பெரிய பள்ளம் எப்படி வைக்கிறது?

விடை, ப்ரெட்சல் லூப். வழக்கமான லூப்பில் கீழேயிருந்து மேலே ஏறுவோம். இதில் உச்சியில் நுழைந்து தலைகீழாகப் பாய்றோம். பாய்ந்துகொண்டே வளைவதால், அடிமட்டத்துக்கு வரும்போது உடம்பு புரண்டு மல்லாந்த நிலைக்கு வந்திருக்கும், தண்டவாளம் முதுகுக்குக் கீழே. அழுத்தம் உச்சத்தில் இருக்கும் அந்த நொடியில் அதைத் தாங்குறது இருக்கையின் முதுகுப்பலகை. விண்வெளி வீரர்களை ராக்கெட்டில் மல்லாக்கப் படுக்க வைக்கிறதும் இதே காரணத்துக்குத்தான்.

டாட்சுவின் ப்ரெட்சல் லூப் உயரம் 38 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பள்ளிக்கூட இயற்பியலே போதும்: ஓய்வு நிலையிலிருந்து அவ்வளவு உயரம் விழுந்தா நொடிக்கு 27 மீட்டர், அதாவது மணிக்கு 98 கி.மீ. பூங்கா சொல்லும் வேகத்துக்கு ரொம்பப் பக்கம். அடிவளைவின் ஆரம் 20 மீட்டர்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டா, புவியீர்ப்பையும் சேர்த்து 4.8 ஜி வருது. 60 கிலோ ஆள் அந்த நொடியில் கிட்டத்தட்ட 290 கிலோ. இதைக் குப்புறப் படுத்து வாங்க யாருக்கும் ஆசை வராது!

இன்னொரு விசேஷம், இந்த லூப் வர்றது பயணத்தின் கடைசிப் பகுதியில். பொதுவாக கோஸ்டர்கள் முதல் இறக்கத்திலேயே பெரிய வித்தையைக் காட்டிடும், அப்புறம் வேகம் குறைஞ்சுகிட்டே போகும். டாட்சு மலைச்சரிவில் நிற்குது. பாதை போகப்போக நிலமும் இறங்குது, அதனால் பெரிய சரிவைக் கடைசிக்கு மிச்சம் வைக்க முடிஞ்சிருக்கு. எனக்குப் பிடிச்ச பொறியியல் முடிவு இதுதான்.

நீளச் சாதனையை 2016-ல் ஒசாகாவின் ஃப்ளையிங் டைனோசர் (1124 மீட்டர்) முறியடிச்சது. 2020-ல் ஜெர்மனியின் ஃபான்டாசியாலாண்ட் பூங்கா 1236 மீட்டரில் எஃப்.எல்.ஒய். என்ற கோஸ்டரைத் திறந்து, அதையும் தாண்டிடுச்சு. உயரத்தில் மட்டும் இரண்டுமே டாட்சுவைத் தொடலை. காசு, இடம்னு காரணங்கள் இருக்கலாம். என் கணிப்பில் உடம்புதான் முதல் தடை: தண்டவாளத்தை எவ்வளவு வேணும்னாலும் நீட்டலாம், உயரத்தைக் கூட்டினா அடியில் வளைவையும் அதே அளவுக்கு அகலமாக்கியாகணும்.