பஸ் நிறுத்தம் முதல் வீட்டு வாசல் வரை

"பஸ்ஸை விட்டு இறங்கிட்டேம்மா, பத்து நிமிஷத்துல வீட்டுல இருப்பேன்" என்று மகள் போனில் சொல்கிறாள். நிறுத்தத்திலிருந்து வீடு அரை கிலோமீட்டர்தான். ஆனால், வழியில் இரண்டு தெருவிளக்குகள் எரியவில்லை. ஓரமாக நடக்கலாமென்றால் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. மெயின் ரோட்டு நெரிசலுக்குப் பயந்து தெருவுக்குள் புகுந்து வரும் வண்டிகள் வேகத்தைக் குறைப்பதே இல்லை. அந்தப் பத்து நிமிஷமும் அம்மா வாசலிலேயே நிற்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படிக் காத்திருப்பவர் ஒருவர் இருக்கலாம். பஸ் சரியான நேரத்துக்கு வருவதும், இறங்கியவர் பத்திரமாக வீடு வந்து சேர்வதும் ஒரே பயணத்தின் இரண்டு பகுதிகள். இரண்டையும் சேர்த்துக் கேட்டுப் பெறுவது எப்படி என்று பார்ப்போம்.

"நாங்களும் எத்தனையோ மனு கொடுத்துப் பார்த்துட்டோம், ஒண்ணும் நடக்கல" என்று நீங்கள் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. ஆனால் மனு நடக்காமல் போவதற்கு அடிக்கடி இரண்டு காரணங்கள் இருக்கின்றன: ஒன்று, அது சம்பந்தமில்லாத அலுவலகத்துக்குப் போயிருக்கும், இரண்டு, என்ன செய்ய வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்காது.

எது யார் பொறுப்பு?

அரசு பஸ்ஸின் நேரம், நடைகளின் எண்ணிக்கை, நிறுத்தத்தில் நிற்காமல் போவது ஆகியவை அந்தப் பஸ்ஸை இயக்கும் பணிமனையின் கிளை மேலாளர் கவனிக்க வேண்டியவை. தனியார் பஸ், மினி பஸ் என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலரை அணுகுங்கள். மாவட்டத்தில் தட உரிமம் வழங்கும் அமைப்புக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர்.

தெருவிளக்கு, நடைபாதை, உட்தெருச் சாலை ஆகியவை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சியின் பொறுப்பு. பஸ் ஓடும் மெயின் ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். தாறுமாறாக நிறுத்தப்படும் வண்டிகள், ஒருவழிப் பாதை, வேகம் ஆகியவற்றுக்குப் போக்குவரத்துக் காவல் பிரிவை அணுக வேண்டும். இவர்கள் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் இடம், ஆட்சியர் தலைமையிலான மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு. பல துறைகள் சம்பந்தப்பட்ட பிரச்சினை என்றால் உங்கள் மனுவில் அந்தக் குழுவின் பரிசீலனைக்கு வைக்கும்படி ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

"எங்க தெருவுக்குள்ளேயே பஸ் வரணும்" – சரியான கோரிக்கையா?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு தடத்தின் நீளம் 12 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தங்களில் நின்று போகும் பஸ்ஸின் சராசரி வேகம் மணிக்கு 15 கி.மீ. என்றால் ஒரு நடைக்கு 48 நிமிடம் ஆகும். இரண்டு முனைகளிலும் 6 நிமிடம் நிறுத்தம். போய்வர மொத்தம் 108 நிமிடம். இந்தத் தடத்தில் இரண்டு பஸ்கள் ஓடினால் நிறுத்தத்தில் 54 நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும்.

இப்போது, அந்தப் பஸ் உங்கள் நகருக்குள் வந்து திரும்புவதற்காக ஒவ்வொரு நடையிலும் 1.5 கி.மீ. கூடுதலாக ஓட வேண்டும் என்றால் போய்வர 120 நிமிடம் ஆகிவிடும். பஸ் வீட்டுப் பக்கத்தில் வரும். ஆனால் எல்லாருக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றுதான். மாறாக, சந்திப்பில் கடை வாசல் வண்டிகளால் ஒவ்வொரு நடைக்கும் 5 நிமிடம் வீணாகிறது, அதைச் சரிசெய்கிறார்கள் என்றால் போய்வர 98 நிமிடம்தான். புதிதாக ஒரு பஸ்கூட வாங்காமல், காத்திருக்கும் நேரம் 49 நிமிடமாகக் குறைகிறது. மூன்றாவது பஸ் கிடைத்தால், பழைய 108 நிமிடக் கணக்கிலேயே 36 நிமிடத்துக்கு ஒன்று வரும்.

ஆகவே, கேட்பதற்கு முன் யோசியுங்கள்: தேவை புதிய பாதையா, கூடுதல் நடையா, அல்லது இருக்கிற பஸ் தடங்கலில்லாமல் ஓடுவதா? முதியோர், மாற்றுத்திறனாளிகள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவோர் அதிகம் இருந்தால் உள்ளே வரும் பஸ்ஸே நியாயமான கோரிக்கை. நாளெல்லாம் வேண்டாம், காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை போதும் என்று கேட்டால் கிடைக்கும் வாய்ப்பும் கூடும்.

இன்னொரு விஷயம். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் (விடியல் பயணம்) சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில்தான் உண்டு. எனவே மனுவில் 'பஸ் வேண்டும்' என்று மட்டும் எழுதாமல், 'சாதாரணக் கட்டண நகரப் பேருந்து' என்று குறிப்பிடுங்கள். பெரிய பஸ் நுழைய முடியாத குறுகிய சாலை என்றால் 2025 ஜூனில் தொடங்கிய புதிய விரிவான மினி பஸ் திட்டம் இருக்கிறது. அதில் ஒரு தடத்தின் நீளம் 25 கி.மீ.க்கு மிகாமல் இருக்க வேண்டும். பாதையின் பெரும்பகுதி இதுவரை பஸ் ஓடாத பகுதியாக இருக்க வேண்டும்.

தெருவில் 30 ஏன்?

சென்னையில் 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த வேக வரம்பில், குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் மணிக்கு 30 கி.மீ. என்று நிர்ணயித்தார்கள். "30-ல போனா எப்ப சார் போய்ச் சேர்றது?" என்று கேட்பவர்கள் உண்டு. அரை கிலோமீட்டர் தெருவை 30-ல் கடக்க 60 விநாடி, 50-ல் கடக்க 36 விநாடி. மிச்சமாவது 24 விநாடிதான்.

அந்த 24 விநாடிக்காக எதைப் பணயம் வைக்கிறோம்? பந்தின் பின்னால் ஒரு குழந்தை ஓடி வருகிறது. அதைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஓட்டுநருக்கு ஒரு விநாடியாவது ஆகும். 30-ல் வரும் கார் அதற்குள் 8 மீட்டர் தாண்டும். காய்ந்த சாலையில் மேலும் 5 மீட்டரில் நின்றுவிடும். 50-ல் வரும் காரோ அந்த ஒரு விநாடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் தாண்டிவிடும். அதாவது, முதல் கார் நின்றுவிட்ட இடத்தை, இரண்டாவது கார் பிரேக் பிடிக்கும் முன்பே முழு வேகத்தில் கடக்கிறது.

வேகத்தடை: நாமே போடலாமா?

கூடாது. ஒரு விபத்து நடந்த கோபத்தில் இரண்டு சட்டி சிமெண்ட் கலவையைக் கொட்டி மேடு எழுப்பிவிடுகிறோம். இரவில் அது தெரியாமல் இருசக்கர வாகனத்தில் வருபவர் தூக்கி எறியப்படுகிறார். பஸ்ஸின் பின் சீட்டில் இருப்பவருக்கு முதுகெலும்பில் அடி. ஆம்புலன்ஸும் அதில்தான் ஏறி இறங்க வேண்டும்.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) வழிகாட்டுதலின்படி, வட்ட வடிவ வேகத்தடையின் உயரம் 10 செ.மீ.; வண்டி ஏறி இறங்கும் திசையில் அதன் அகலம் 3.7 மீட்டர். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வருபவர் சிரமமில்லாமல் கடக்கலாம். வேகமாக வருபவருக்குத்தான் குலுங்கும். மேலே வர்ணப் பட்டை வேண்டும், 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும். இதைச் சாலைக்கு உரிய துறைதான் போட வேண்டும்.

வேகத்தடை ஒன்றுதான் வழி என்றும் இல்லை. தெருமுனையில் வண்டி நிறுத்தத் தடை, முனையை மறைக்கும் பேனர்களை அகற்றுவது, தெரு நுழைவாயிலைச் சற்றே குறுக்குவது, பள்ளி எதிரே மேடாக்கிய பாதசாரிக் கடவை என வேறு வழிகளும் உண்டு. பஸ் போகும் தெருவில் முதலில் இவற்றைக் கேளுங்கள்.

மனுவுக்கு முன் ஒரு வாரம்

ஒரு நோட்டும் பேனாவும் போதும். நாலைந்து பேர் முறை வைத்து, திங்கள் முதல் சனி வரை குறித்து வையுங்கள்:

• பஸ் வர வேண்டிய நேரம், வந்த நேரம், வராமல் போன நடை.
• ஏற முடியாமல் நிறுத்தத்திலேயே நின்றவர்கள் எத்தனை பேர். மாணவர்கள், பெண்கள், முதியோர் எத்தனை பேர்.
• எரியாத விளக்குகளின் கம்ப எண்.
• விபத்தோ, விபத்து நடக்கவிருந்து தப்பியதோ: இடம், நேரம்.
• பள்ளி நேரத்தில் 15 நிமிடத்தில் தெருவைக் கடந்த வண்டிகளின் எண்ணிக்கை.

"எங்கள் பகுதிக்குப் போதிய பஸ் வசதி செய்து தரவும்" என்ற மனுவைப் படிக்கும் அலுவலர் என்ன செய்ய முடியும்? அதையே, "மாலை 6 முதல் 8 வரை அட்டவணையில் உள்ள நான்கு நடைகளில், ஆறு நாள்களில் எந்த நாளும் மூன்றுக்கு மேல் வரவில்லை, விவரம் இணைப்பில்" என்று எழுதிப் பாருங்கள். அவர் பணிமனைப் பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை, ஒரு துறை என்று வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே கொடுப்பது?

திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கலாம். முதல்வரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைக்கலாம். சென்னை மாநகராட்சி தொடர்பான புகார்களுக்கு 1913. கிராமமாக இருந்தால் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். நகரமாக இருந்தால் பகுதி சபைக் கூட்டத்தில் பேசுங்கள். எங்கே கொடுத்தாலும் பதிவு எண்ணை வாங்காமல் வராதீர்கள். பதில் இல்லை என்றால், மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. நம் வீட்டுக் காரை நடைபாதையில் நிறுத்திவிட்டு, நடக்க இடமில்லை என்று மனு எழுத முடியாது. பக்கத்துத் தெருவில் 50-ல் போய்விட்டு, நம் தெருவுக்கு மட்டும் 30 கேட்கவும் முடியாது.

விளக்கு எரிந்து, ஓரமாக நடக்க இடம் இருந்து, வண்டிகள் மெதுவாக வந்தால் அந்த அம்மா வாசலில் நிற்க வேண்டியதில்லை. இந்தத் திங்கட்கிழமை நோட்டை எடுங்கள். அடுத்த திங்கட்கிழமை மனுவோடு போகலாம்.