கடற்கரை விடுமுறையும் நகர் மீளலும்

விடுமுறை கழித்து நகர் திரும்புவோர் பலர், புறப்பட்டபொழுது இருந்த சோர்வினும் மிக்கதொரு சோர்வை முதல் வாரத்தில் உணர்கின்றனர். இதனைச் சோம்பல் என்று இகழ்வாருமுளர். அஃது அவ்வாறன்று. உடலியல்பிலும் மனத்தியல்பிலும் அதற்குத் தக்க காரணங்கள் உள. அவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

தரங்கம்பாடியில் இரண்டு வாரம் தங்கிச் சென்னைக்கு மீளும் மாணாக்கன் ஒருவனைக் கருதுக. 1620-இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டையும், கடலரிப்பால் முற்பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயிலும் விளங்கும் சிற்றூர் அது. அங்கே அவன் செவி இரவும் பகலும் கேட்டது அலையோசையே. அது சிற்றோசையன்று, எனினும் ஒரே படித்தாய் ஏறி இறங்குவது, மறுமொழி வேண்டாதது. ஆதலின் மூளை அதனை விரைவிற் பொருட்படுத்தாது விடுகின்றது. நகர வண்டிகளின் ஊதலோசையோ ஒவ்வொரு முறையும் திடுமென எழுந்து, ‘விலகு’ எனக் கட்டளையிடுகின்றது. அமைதியிற் பழகிய செவிக்கு அது புதிய தாக்குதலாகவே தோன்றும்.

இரண்டாவது காரணம் கவனத்தைப் பற்றியது. வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க உளநூற் பேரறிஞர் 1890-இல் வெளியிட்ட நூலில், முயன்று செலுத்தும் கவனம், தானே செல்லும் கவனம் எனக் கவனத்தை இருவகைப்படுத்தினார். பிற்காலத்தில் ஸ்டீபன் காப்ளன், ரேச்சல் காப்ளன் என்பார் இதனைத் தழுவி, முன்னையது உழைப்பால் களைப்புறும் என்றும், கடல், மரம், முகில் இவற்றை நோக்குங்கால் அஃது இளைப்பாறும் என்றும் விளக்கினர். கரையில் இளைப்பாறிய கவனம், நகரின் ஒரே தெருவில் வண்டியையும் விளக்கையும் விளம்பரத்தையும் ஒருங்கே காக்க வேண்டியதாகின்றது.

மூன்றாவது உறக்கம். நம் உடலகத்தே ஒரு கடிகாரம் உண்டு. அது ஒளியைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்வது. அதன் பொறிமுறையை வெளிப்படுத்திய மூவர்க்கு 2017-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. கடலில் எழும் ஞாயிற்றோடு விழித்துப் பழகியவன், நகரில் மின்விளக்கிலும் கைப்பேசி ஒளியிலும் நள்ளிரவு வரை இருப்பானாயின், அக்கடிகாரம் பிற்படும். அதனை ஓரிரவில் திருத்தவியலாது; சில நாள் வேண்டும்.

ஆகவே, கல்லூரி திறக்கும் நாளுக்கு இரண்டொரு நாள் முன்னரே திரும்புதல் நன்று. காலை ஒளியில் உலாவுக. முதல் வாரத்தில் ஒரு நேரத்தில் ஒரு வேலையே செய்க. சென்னையோர்க்குக் கடல் தூரத்தில் இல்லை. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் காலத்தில் அமைந்த மெரினா உலாச்சாலை, அதே வங்கக்கடலின் கரையிலேயே உள்ளது.

எனினும் ஒன்று கூறவேண்டும். ‘சில நாளில் பழகிவிடும்’ என்பது முழுவதும் மெய்யன்று. ஓசையால் விழித்தெழாது உறங்குவோனுக்கும் அவ்வோசையால் நாடித்துடிப்பு மாறுகின்றது. மனம் பொறுத்துக்கொண்டதை உடல் பொறுத்துக்கொள்வதில்லை. 2000-ஆம் ஆண்டின் இந்திய விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என ஒலிக்கு எல்லை வகுத்தமை காரணமின்றியன்று. பத்து டெசிபல் மிகின் ஒலியாற்றல் பத்து மடங்காகும்.

மேலும், ஊதலோசையைக் கேளாதிருக்கப் பழகும் செவி, வழி கேட்கும் முதியவர் குரலையும் கேளாதிருக்கப் பழகிவிடலாம். விடுமுறையினின்று மீண்டவனுக்கு முதற் சில நாள் அவ்விரண்டும் தெளிவாய்க் கேட்கின்றன. அத்தெளிவு நோயன்று, பேறு. மாணாக்கர்காள்! வேலைக்கும் நேரத்துக்கும் விரைந்து பழகுங்கள். இரைச்சலுக்கு மட்டும் பழகிவிடாதீர்கள். அதனைக் குறைக்க வல்லார், அது தமக்கு இன்னும் கேட்கின்றவரே.