உலக மோதல்கள்: கிரெடிட் தேர்வும் கரிசல் நிலச் சான்றுகளும்

உலக மோதல்கள் என்பது இளங்கலை வரலாறு, அரசியல் அறிவியல் படிப்புகளில் வெவ்வேறு தலைப்புகளில் இடம்பெறும் பாடப்பகுதி. பெரும்பாலும் 1914இல் தொடங்கி இரு உலகப் போர்கள், பனிப்போர், கொரியா, வியட்நாம், மேற்காசியா என்று இன்றைய போர்கள் வரை வரும். கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்திலிருந்து பேருந்தில் கல்லூரிக்கு வந்துபோகும் மாணவருக்கு இது வாயில் நுழையாத பெயர்களும் ஆண்டுகளும் நிரம்பிய பாடமாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் போர்களில் பல, கரிசல் காட்டின் பருத்தி விலையிலும் தீப்பெட்டித் தொழிலிலும் அடுப்பங்கரையிலும் தடம் பதித்தவை. தேர்வில் அதிக மதிப்பெண் தரும் காரணம், விளைவு வினாக்களுக்குப் பயிற்சி செய்ய இந்தத் தடங்கள் நல்ல களம்.

கிரெடிட் முறை

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் திருநெல்வேலியில் நிறுவப்பட்டது. இப்பகுதிக் கலைக் கல்லூரிகள் அதனுடன் இணைந்தவை. பருவமுறையில் வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவம் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட் என்பது அடிப்படைக் கணக்கு. கல்லூரி நேர அட்டவணையில் சற்று மாறும். தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் உள்மதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்ற பிரிப்பு பரவலாக உள்ளது.

இன்னொரு வழி ஸ்வயம் இணையத்தளம். 2017 ஜூலையில் தொடங்கப்பட்ட இத்தளத்தின் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சான்றிதழும் கிரெடிட்டும் வேண்டுமென்றால் கட்டணம் செலுத்தி மையத்தில் தேர்வு எழுத வேண்டும். ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை இவ்வழியில் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் அனுமதித்தது. 2021 விதிமுறைகள் அதை 40 விழுக்காடாக உயர்த்தின. பதிவு செய்யும் முன்பே துறைத் தலைவரிடம் ஒப்புதல் வாங்குவது முக்கியம். ஒப்புதல் இல்லாமல் முடித்த பாடம் சான்றிதழாக மட்டும் நின்றுபோகக்கூடும்.

பாடக் காணொளிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதுதான் தமிழ்வழியில் படித்தவருக்கு உண்மையான தடை. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் 12ஆம் வகுப்பு வரலாற்று நூலில் உலகப் போர்கள் பற்றிய பாடங்களை முதலில் தமிழில் படித்துவிட்டு, அதன்பிறகு காணொளியைப் பார்த்தால் பாதிச் சுமை குறையும்.

பருத்தி: ஒரு மாதிரி விடை

பாடத்திட்டத்துக்கு முந்தைய போர் ஒன்றை வைத்துப் பயிற்சி செய்வது எளிது. 1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. அதுவரை பிரிட்டன் வாங்கிய பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. வடமாநிலங்களின் கடற்படை தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டதும் பஞ்சு வரத்து சுருங்கியது. லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன, தொழிலாளர்கள் பட்டினி கிடந்தனர். பிரிட்டிஷ் வணிகர்களின் கண் இந்தியாவின் பக்கம் திரும்பியது. பம்பாய், பேரார் போலவே திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்திக்கும் விலை ஏறியது. தூத்துக்குடித் துறைமுகம் பரபரப்பானது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. ஏறிய விலையை நம்பிக் கடன் வாங்கியவர்களின் கதி என்னவாயிருக்கும் என்பதைக் கரிசல் சம்சாரி வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதில் ஒரு முழு விடைக்கான சட்டகம் இருக்கிறது. அடிமை முறை அடிப்படைக் காரணம். 1860 தேர்தலில் லிங்கன் வென்றதும் தென்மாநிலங்கள் பிரிந்ததும் உடனடிக் காரணம். முற்றுகை போர் உத்தி. அடிமை முறை ஒழிப்பு நேரடி விளைவு. கரிசல் காட்டு விலையேற்றம் தொலைவிளைவு. இதே ஐந்து படிகளை 1914க்குப் பொருத்தினால், சரயேவோவில் ஜூன் 28 அன்று நடந்த கொலை உடனடிக் காரணம் மட்டுமே என்பது விளங்கும். கூட்டணிகள், ஆயுதப் போட்டி, காலனிப் போட்டி, பால்கன் தேசியவாதம் ஆகியவை அதற்கு வெகு முன்பே இருந்தவை. இந்த வேறுபாட்டைக் காட்டாமல் கொலையை மட்டும் ஒரு பக்கம் விவரிக்கும் விடைக்குப் பாதி மதிப்பெண்கூடக் கிடைப்பது கடினம்.

அந்தப் பஞ்சுப் பொருளாதாரத்தின் தொடர்ச்சியைக் கோவில்பட்டி நகரிலேயே காணலாம். லாயல் மில் 1891இல் தொடங்கப்பட்டது. வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் வந்தது.

தீப்பெட்டியும் அரிசியும்

முதல் உலகப் போருக்கு முன் இந்தியாவுக்குச் சுவீடன், ஆஸ்திரியா உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளிலிருந்து தீப்பெட்டி வந்தது. போரில் அந்த வரத்து குறைய, சந்தையை ஜப்பான் பிடித்தது. போருக்குப் பின் அரசு வருவாய்க்காக 1922இல் இறக்குமதித் தீர்வையை உயர்த்தியது. அதே ஆண்டில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்தனர். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று அத்தொழில் பரவ, மழை குறைந்த வறண்ட காற்றும் விவசாயம் பொய்த்த காலத்தில் கூலி தேடிய கைகளும் துணை நின்றன. ‘முதல் உலகப் போரின் பொருளாதார விளைவுகள்’ என்ற வினாவுக்கு இதைவிட நெருக்கமான சான்று இவ்வட்டார மாணவருக்குக் கிடைக்காது.

1942 இன்னும் கொடுமையானது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது, மார்ச் 8இல் ரங்கூன். பர்மா அரிசி நின்றது. அங்கிருந்த தமிழர்கள் உட்படப் பல லட்சம் இந்தியர்கள் இந்தியா நோக்கிக் கிளம்பினர். நடந்தே வந்தவர்களில் ஏராளமானோர் வழியில் மடிந்தனர். ஏப்ரல் 5இல் தூத்துக்குடிக்கு எதிர்க்கரையான கொழும்பை ஜப்பான் விமானங்கள் தாக்கின. பாடநூல் பசிபிக் போர் என்று சொல்வதன் ஒரு முனை இங்கே வரை நீண்டது.

குழப்பும் தேதிகள்

போர்நிறுத்தம் வேறு, சமாதான உடன்படிக்கை வேறு. முதல் உலகப் போரில் சண்டை நின்றது 1918 நவம்பர் 11. வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28, சரயேவோ கொலை நடந்து சரியாக ஐந்தாண்டு கழித்து. ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது 1945 ஆகஸ்ட் 15, கையெழுத்திட்டது செப்டம்பர் 2. ஐ.நா. சாசனத்தில் ஜூன் 26இல் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் ஆற்காடு ராமசாமி முதலியார். சாசனம் நடைமுறைக்கு வந்தது அக்டோபர் 24. கொரியாவில் 1953 ஜூலை 27இல் போர்நிறுத்தம் மட்டுமே ஏற்பட்டது, சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை. கொள்குறி வினா அமைப்பவர்களுக்கு இந்த இரட்டைத் தேதிகள் மிகவும் பிடித்தமானவை.

பெயரிடுவதும் ஒரு வினா

1799 அக்டோபர் 16இல் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு மே 4இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்திருந்தார். நெப்போலியன் எகிப்துக்குள் நுழைந்திருந்தது கம்பெனியின் அச்சத்தைக் கூட்டியிருந்தது. கம்பெனி ஆவணங்களுக்குப் பாளையக்காரர்கள் கலகக்காரர்கள். இங்கே அவர்கள் விடுதலை வீரர்கள். கம்பெனி பக்கம் நின்ற எட்டயபுரத்தாரின் பட்டப்பெயரான எட்டப்பன் வசைச்சொல்லாகவே மாறிவிட்டது. ஆனால் ஒரு பாளையம் ஏன் அந்த முடிவெடுத்தது என்று கேட்பது வரலாற்று மாணவரின் வேலை. வியட்நாம் போர் என்று உலகம் சொல்வதை வியட்நாமியர் அமெரிக்கப் போர் என்கிறார்கள். மூலங்களை ஒப்பிடச் சொல்லும் வினாவில் இந்தப் பார்வை கைகொடுக்கும்.

முகாம்

எட்டயபுரம் அருகே தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் அலையலையாக வந்தவர்களும் இங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளும் தமிழ்நாட்டின் இத்தகைய முகாம்களில் வாழ்கிறார்கள். போர் 2009 மே மாதம் முடிந்தது. அதன் விளைவு முடியவில்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதும், 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்த மலையகத் தமிழர் இவர்களிலிருந்து வேறான பிரிவினர் என்பதும் தேர்வில் பிரித்து எழுத வேண்டியவை. ஒப்படைப்புக்காக முகாமுக்குப் போக நினைப்பவர்கள் முறையான அனுமதி பெற வேண்டும். அங்கே வகுப்புத் தோழர் இருந்தால், அவரை விவரம் சொல்லும் ஆளாக நடத்தாமல், சொல்ல விரும்பியதை மட்டும் கேட்டுக்கொள்வதே முறை.

விடையில் உள்ளூர்ச் சான்றுக்கு இரண்டு மூன்று வரி போதும். முதல் உலகப் போர் பற்றிய பெருவிடையில் தீப்பெட்டி ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டால் வெர்சாய்க்கு இடம் இருக்காது. பயிற்சியின்போது முழுக் கதையையும் எழுதிப் பார்த்து, தேர்வறையில் அதன் சாரத்தை மட்டும் வைப்பது நல்லது. கடைசிப் பத்து நாளில் புதிய பகுதியைத் தொடாமல், கடிகாரத்தை வைத்துக்கொண்டு தினம் ஒரு பெருவிடை எழுதினாலே நேரம் போதாமல் கடைசி வினாவை விட்டுவரும் நிலை பெருமளவு குறையும்.