கழுத்தில் அடிபட்டால் கால் ஏன் தடுமாறுகிறது?

அடிபட்டது கழுத்தில், காலில் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு ஏன் நடை தடுமாறுகிறது?

மூளையிலிருந்து காலுக்குப் போகும் கட்டளைகளும், காலிலிருந்து மூளைக்குத் திரும்பும் உணர்வுகளும் கழுத்துத் தண்டுவடம் வழியாகத்தான் போய்வர வேண்டும். அந்த நரம்பு இழைகளில் ஒரு பகுதி சேதமானால் காலின் பலம் குறைகிறது. பாதம் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் மங்கலாம். அதனால்தான் இருட்டில் தள்ளாட்டம் கூடுகிறது, தரையைப் பார்த்தே அடி வைக்க வேண்டியிருக்கிறது. தசைகளை அடக்கிவைக்கும் மூளையின் பிடி தளர்வதால் கால் விறைக்கிறது. முன்பாதம் தரையில் உரசுகிறது.

சமாளிப்பது எப்படி? நடையின் தாளத்தை உருவாக்கும் நரம்பு வலை தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. மிஞ்சிய இழைகளோடு சேர்த்து அதைத் திரும்பத் திரும்பப் பழக்குவதே நடைப்பயிற்சி. உடல் எடையைப் பட்டைகளில் தாங்கி டிரெட்மில்லில் நடக்க வைப்பது ஒரு முறை. கணுக்காலில் மாட்டும் பிளாஸ்டிக் தாங்கி முன்பாதம் தொங்காமல் பிடித்துக்கொள்ளும். பேக்லோஃபென் மாத்திரை விறைப்பைக் குறைக்கும். ஆனால் சிலர் அந்த விறைப்பின் பலத்தில்தான் நிற்கிறார்கள். எனவே அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

விறைப்பு திடீரென அதிகமானால் சிறுநீர்த் தொற்றோ படுக்கைப் புண்ணோ காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டுக்குள் வாக்கர், வெளியே சக்கர நாற்காலி என்று மாற்றிப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். கீழே விழாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.