நாவே படைக்கலம்

வீரம் என்றதும் வாளும் வேலுமே நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஆயின், தம் நாவையே படைக்கலமாகக் கொண்டு போர்க்களம் புகுந்தோரும் உளர். அவர்கள் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் வாழும் நவஹோ மக்கள்.

1864ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர் இம்மக்களைச் சொந்த மண்ணினின்றும் பெயர்த்து, நூற்றுக்கணக்கான மைல்கள் நடத்திச் சென்று சிறைவைத்தனர். 1868இல் ஏற்பட்ட உடன்படிக்கையின் பின்னரே அவர்கள் ஊர் திரும்பினர். பின்னாளில் அவர்தம் பிள்ளைகள் அரசாங்க விடுதிப் பாடசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். ஆங்குத் தாய்மொழி பேசுதல் குற்றம். பேசிய சிறுவரின் வாயைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய கொடுமையும் நிகழ்ந்தது.

காலச் சக்கரம் சுழன்றது. இரண்டாம் உலகப் போரில், எதிரியால் அறியவொண்ணாத இரகசிய மொழியொன்று அமெரிக்கருக்குத் தேவைப்பட்டது. 1942இல், அத்தகைய பாடசாலைகளிற் பயின்ற நவஹோ இளைஞர் 29 பேர் மரீன் படையிற் சேர்ந்து, தம் மொழியைக் கொண்டே ஒரு சங்கேத முறையை வகுத்தனர். தாங்கியை ஆமை என்றனர். போர்க்கப்பலைத் திமிங்கிலம் என்றனர். நீர்மூழ்கியை இரும்பு மீன் என்றனர். அமெரிக்காவுக்கு அவர்கள் இட்ட பெயர் யாது? ‘எங்கள் தாய்’ என்பதே!

1945 பெப்ரவரியில், இவோ ஜீமாத் தீவுப் போரின் முதலிரு நாட்களில், நவஹோ வீரர் அறுவர் 800க்கு மேற்பட்ட செய்திகளைப் பிழையின்றிப் பரிமாறினர். யப்பானியரால் அச்சங்கேதத்தை இறுதிவரை அவிழ்க்க இயலவில்லை.

வீடு திரும்பியோர் கண்டது யாது? அரிசோனா, நியூ மெக்சிக்கோ மாநிலங்களிற் பழங்குடியினர் வாக்களிப்பதற்கிருந்த தடை, நீதிமன்றத் தீர்ப்புகளால் நீங்கியது 1948இலேதான். சங்கேதம் இரகசியமாதலின், 1968 வரை தாம் ஆற்றிய பணியை மனைவி மக்களிடமும் சொல்லாது அடக்கி வைத்திருந்தனர். 2001இல் முதல் 29 பேருக்கும் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டபோது, அவருட் பெரும்பாலோர் உயிருடன் இல்லை.

இவ்வரலாற்றை வகுப்பில் எடுத்துரைத்த போது மாணாக்கன் ஒருவன் எழுந்து, “தம்மை அவமதித்த நாட்டுக்காக இவர்கள் ஏன் போரிட்டார்கள், ஐயா?” என வினவினான். நாம் சற்றே மௌனமானோம். பின்னர், “தம்பி, அரசாங்கம் வேறு, மண் வேறு. அவ்வரசு தோன்றுமுன்னரே அம்மண் அவர்களுடையது. அவர்கள் தம் தாயைக் காக்கச் சென்றார்கள்” என்றோம். “அப்படியாயின் அரசாங்கம் செய்த பிழை?” என்றான் அவன். வீரரின் தியாகம் ஆண்டோரின் பிழைக்குக் கழுவாய் ஆகாது என்றோம். அவ்விடை அவனுக்கு நிறைவளித்ததோ, அறியோம்.

ஆயினும் ஒன்று திண்ணம். சவர்க்காரமிட்டுக் கழுவப்பட்ட வாய்களே பிற்றைநாளில் அந்நாட்டின் படைகளைக் காத்தன. பிள்ளையின் நாவினின்றும் தாய்மொழியை அகற்ற முனைவோர் தாம் எறிவது யாதென ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராக. ஆசிரியராகிய நாமும் எண்ணிப் பார்ப்போமாக.