சோல் பிய்ந்தால் சொல்ல ஓர் இடம் உண்டு

காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். திண்டுக்கல்லை அடுத்த அகரம், தாடிக்கொம்பு பக்கத்துப் பிள்ளைகள் இதற்காக மாதக்கணக்கில் ஓடிப் பழகும்போது, தினமும் காலில் மாட்டுவது பெரும்பாலும் ஒரே ஜோடி ஷூதான். காலுக்கு நன்றாகப் பழகிவிடுவதால், அது செத்துப்போனதுகூடச் சட்டென்று தெரிவதில்லை.

தேய்மானமா, குறைபாடா?

இந்த வித்தியாசம் தெரியாமல் கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றால் தோற்றுத்தான் திரும்ப வேண்டும். ஓட்ட ஷூவின் உயிர், நடுவில் இருக்கும் ஃபோம். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அது அமுங்கிவிடும் என்பது ஓட்டக்காரர்களின் பொதுக்கணக்கு. தினம் 5 கிலோமீட்டர், வாரம் ஆறு நாள் ஓடுபவருக்கு நான்கிலிருந்து ஆறு மாதம். மேல்துணி புதுசாகவே இருக்கும். குதிகாலும் முழங்காலும் வலிக்கத் தொடங்கலாம். இது தேய்மானம். இதற்கு இழப்பீடு கேட்க முடியாது.

வாங்கிய இரண்டாவது வாரமே சோல் ஒட்டு விடுவதும் தையல் பிரிவதும் வேறு கதை, அவை குறைபாடுகள். பாலியூரித்தேன் சோல் வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்தால், ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, போட்ட சில நாளில் பொடிப்பொடியாக உதிரும். தள்ளுபடி விலையைப் பார்க்கும் கண், பெட்டியில் அச்சிட்ட தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது

மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது, ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். 'போடப் போட லூசாகிடும்' என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

விளையாட்டுக் காலணிகளுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 15844. காலணிகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால், அதோடு உள்ள உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் அசலா, போலியா என்று தெரிந்துவிடும். 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று விற்பது நாசூக்கான பெயர் சூட்டிய போலிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்துவிட்டால் கடையின் பொறுப்பு தீர்ந்துவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் கொடுக்காததும் அப்படியே. குறைபாட்டால் காலில் அடிபட்டால், தயாரிப்பாளரிடமும் இழப்பீடு கேட்கலாம். அதற்கு மருத்துவச் சீட்டு வேண்டும்.

எங்கே போவது?

முதலில் கடைக்கோ நிறுவனத்துக்கோ படங்களுடன் எழுத்தில் புகார் கொடுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஷூ டெல்லியிலிருந்து வந்திருந்தாலும், அகரத்தில் குடியிருப்பவர் திண்டுக்கல்லிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இத்தனைக்கும் ஆதாரம் அந்தப் பில். கடைகளில் இயந்திரம் துப்பும் பில்லில் எழுத்து சில மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். ஓட்ட நேரம் குறிக்கும் நோட்டில் ஷூ வாங்கிய தேதியையும் ஓடிய தூரத்தையும் எழுதி வாருங்கள். ஷூவை மாற்ற வேண்டுமா, கடைக்காரரைக் கேட்க வேண்டுமா என்பதை அந்த நோட்டே சொல்லும்.