உங்கள் இணையதளம் யார் பெயரில் இருக்கிறது?

கொல்கத்தாவில் காலேஜ் ஸ்ட்ரீட்டை ஒட்டிய டேமர் லேன் சந்தில், வங்காளச் சிற்றிதழ்களுக்கென்றே 1978-இல் ஒரு நூலகம் தொடங்கினார் சந்தீப் தத்தா. தேசிய நூலகத்திலேயே சிற்றிதழ்கள் மதிப்பின்றிக் கிடந்ததைப் பார்த்த ஆதங்கம் அவரை அந்த வேலையில் இறக்கியது. எத்தனையோ இதழ்கள் அப்படித்தான் பிழைத்தன. காகிதத்துக்கு அந்தப் பாக்கியம் உண்டு: யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் ஒரு பிரதி மிஞ்சியிருந்தால்கூட இதழ் அழியாது. இன்று சிற்றிதழ்காரர்களும் நாடகக் குழுக்களும் மொழிச் சங்கங்களும் சொந்தமாக ஒரு தளம் வைத்துக்கொள்கிறார்கள். சர்வரில் இருக்கும் தளம் நின்றால் எல்லா வாசகர்களுக்கும் ஒரே நொடியில் நின்றுபோகும். அதனால் மென்பொருளை எப்படி நிறுவுவது என்பதைவிட, நிறுவியது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே முதலில் கேட்கப்பட வேண்டியது.

நிறுவுவது கடினமே இல்லை. 2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் இலவசம். அதன் உரிமம் யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்கிறது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் கண்ட்ரோல் பேனலில் ஒரு பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்களில் தளம் தயார். ஆனாலும் பலர் பயந்துபோய், தெரிந்த ஒரு கம்ப்யூட்டர்காரரிடம் சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்து வேலையை ஒப்படைக்கிறார்கள். அவர் தன் மின்னஞ்சலில் டொமைனைப் பதிவு செய்கிறார், தன் கணக்கிலேயே சர்வரில் இடம் வாங்குகிறார், அட்மின் பாஸ்வேர்டையும் தானே வைத்துக்கொள்கிறார். பெரும்பாலும் இதில் வஞ்சகம் எதுவும் இல்லை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்ற எண்ணம்தான். ஆனால் இந்த மூன்றும் அவர் கையில் இருக்கும்வரை, எழுத்துக்குக் காப்புரிமை உங்களுக்கு இருந்தும் அதை வாசகரிடம் சேர்க்கும் வழி உங்களுக்கு இல்லை. அவர் தொழிலை விட்டாலும், ஊரை விட்டுப் போனாலும், உங்களோடு மனஸ்தாபம் கொண்டாலும் தளம் போய்விடும்.

'எங்கள் சின்னத் தளத்தை யார் தாக்கப் போகிறார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. தாக்குவது ஆள் அல்ல, இயந்திரம். அதற்குச் சின்னது பெரியது தெரியாது. 2017-இல் வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு தாக்குதலைக் கண்டறிந்து அறிவித்தது. கோப்புகளை சர்வரில் ஏற்றிவிட்டு, 'அப்புறம் முடிக்கலாம்' என்று பாதியில் விடப்பட்ட வேர்ட்பிரஸ் நிறுவல்களைத் தாக்குபவர்கள் தேடிப்பிடித்தார்கள். அமைப்புப் பக்கம் திறந்தே கிடக்கும். அதில் தங்கள் தரவுத்தளத்தின் விவரங்களைக் கொடுத்து, நிறுவலைத் தாங்களே முடித்து, அட்மின் ஆகிவிடுவார்கள். அங்கிருந்து தங்கள் நிரலை ஓடவிட்டால், அதே ஹோஸ்டிங் கணக்கில் இருக்கும் மற்றத் தளங்களும் கைவசமாகும். ஆகவே, தொடங்கிய நிறுவலை ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். அதே 2017-இன் தொடக்கத்தில், வேர்ட்பிரஸ் 4.7-இல் இருந்த ஓட்டை 4.7.2 பதிப்பில் அடைக்கப்பட்ட பிறகும், புதுப்பிக்காமல் விட்ட தளங்களில் லட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன. காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம்களையும் பிளக்-இன்களையும் திருட்டுப் பிரதியாக இறக்கிப் போடுவது, திருடனுக்கு நாமே கதவைத் திறந்துவிடுவது. இன்னொன்று: அதே சர்வரிலேயே கிடக்கும் பேக்கப்பை பேக்கப் என்று நம்ப வேண்டாம். தரவுத்தளத்தின் ஒரு நகலும் படங்களின் ஒரு நகலும் உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, இலவச சேவை ஒன்றில் எழுதிவிட்டுப் போகலாமே என்பது நியாயமான மறுப்பு. புதுப்பிக்க நேரமோ ஆளோ இல்லாதவர்களுக்கு நானும் அதையே சொல்வேன், மாதந்தோறும் நகல் எடுத்துக்கொள்வதானால். ஆனால் ஜியோசிட்டீஸ் 2009-இலும் டைப்பேட் 2025 செப்டம்பரிலும் மூடப்பட்டன. பின்னதில் எழுதியவர்கள் காசு கட்டியவர்கள். காகிதக் காலத்திலும் இதே கதைதான்: இந்தியாவின் முதல் செய்தித்தாளை 1780-இல் இதே கல்கத்தாவில் தொடங்கிய ஹிக்கி, கவர்னர் ஜெனரலையே எதிர்த்து எழுதினார். சிறைக்குள் இருந்தும் இதழை நடத்தினார். 1782-இல் அச்சுத் தளவாடங்கள் பறிமுதலானதும் இதழ் நின்றது. கருவி யார் கையிலோ, நிறுத்தும் அதிகாரமும் அவர் கையில்தான்.

கருவி கைவிட்டுப் போனால், தீர்வுகள் சட்டத்தில் இருக்கின்றன. உரிமை உள்ளவரைக் கணினி அமைப்புக்குள் நுழைய விடாமல் தடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வருகிறது. பாஸ்வேர்டைக் கொடுக்க மறுக்கும் கம்ப்யூட்டர்காரருக்கும் அது பொருந்தலாம். 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் தீர்ப்பளிக்கும் அதிகாரியாக இருந்து விசாரிப்பார். ஊடுருவல் என்றால் கொல்கத்தா நகரத்தார் லால்பஜாரின் சைபர் காவல் நிலையத்துக்கும், சால்ட் லேக் பகுதியினர் பிதான்நகர் சைபர் காவல் நிலையத்துக்கும் போகலாம். ஹோஸ்டிங் நிறுவனங்கள் 180 நாள் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும் என்பது இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் இட்ட உத்தரவு; தாமதித்தால் சாட்சியம் அழிந்துவிடும். பணம் வாங்கிக்கொண்டு சேவை தராத நிறுவனம் வேறு மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வணிக லாபத்துக்காக வாங்கிய சேவைக்கு இந்தக் கதவு திறக்காது. சொந்தப் பிழைப்புக்கான சுயதொழிலுக்குத் திறக்கும். உங்கள் பெயரில் பதிவான டாட் காம் போன்ற டொமைன்களை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவைப்படும் குறியீட்டை, பதிவாளர் நீங்கள் கேட்ட ஐந்து நாளுக்குள் தந்தாக வேண்டும்.

வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்பார்கள். இழுக்கத்தான் செய்யும். அதிலும் பில், மின்னஞ்சல், எழுத்துமூல ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், பதிவுப் பெயரும் வேறொருவருடையதாக இருந்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் அதை நிரூபிக்க முடியாது. எனவே தளம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள். டொமைனும் சர்வர் கணக்கும் உங்கள் பெயருக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் மாற வேண்டும் என்று கம்ப்யூட்டர்காரருக்கு இந்த வாரமே எழுதி அனுப்புங்கள். அவர் அனுப்பும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.